மாமனார் சொன்ன கிளட்ச்

பரகோவா
1996 பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய மாமா பொலிகார்ப்போ அவர்களுக்கு,

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாத மருமகன் இப்போது எழுதுகிறானே, என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள். காரியம் இருக்கிறது.

இடால்மிஸ் சுகம். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால், "எங்கப்பாகிட்ட போயி நின்னியா, வெக்கமா இல்ல?" என்று ஒரு வாரத்துக்கு முகம் கொடுக்கமாட்டாள்.

லாரி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐம்பத்திரண்டாம் வருஷத்து செவர்லே. எங்கள் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் சவப்பெட்டி என்றீர்களே, அதே வண்டி. பெட்ரோல் கிடைக்கிற காலமா இது? பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஒரு கரும்புப் பண்ணையில் தள்ளிவிட்ட ரஷ்ய டிராக்டரின் டீசல் இன்ஜினை ஏற்றியிருக்கிறேன். நானேதான் ஏற்றினேன். கியர் பாக்ஸும் பொருந்திவிட்டது. கிளட்ச்தான் மாட்டேன் என்கிறது.

பழைய இன்ஜினில் கிளட்சை விடுவிக்கிற ஃபோர்க், ஸ்டியரிங் இருக்கிற இடது பக்கமே இருந்தது. பெடலை மிதித்தால் ஒரு ராடு நேராகப் போய் இழுக்கும். இதில் ஃபோர்க் வலது பக்கம். பெடல் ஒரு பக்கம், ஃபோர்க் இன்னொரு பக்கம், நடுவில் குதிரை மாதிரி இந்த இன்ஜின். கிழக்கு மாகாணத்தில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஏப்ரல் பதினைந்தில் வண்டிச் சோதனை. தேறினால்தான் மலையேறி குவாந்தநாமோவுக்கு ஆள் ஏற்ற அனுமதி. இல்லையென்றால் வழித்தடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

இடாலைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருகிறாள். எங்கள் ஊர் லாரிகளில் கைப்பிரேக் என்பது பேச்சுக்குத்தான். ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்னால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆள் வேண்டும். அதற்கு என் சித்தப்பா மகன் ஏலியோ இருக்கிறான்.

பயாமோ போகிற பஸ் டிரைவர் கையில் ஓலைக் கூம்பில் கட்டிய தேங்காய் இனிப்பு ஆறு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

பணிவுடன்,
ஓஸ்னியல் மாத்தோஸ்


பயாமோ
1996 பிப்ரவரி 25

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இனிப்பு வந்தது. பன்றிக்குப் போட்டேன். ஐந்தைத் தின்றது, ஆறாவதை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது. நல்ல பன்றி.

நர்ஸ் படிப்பு முடிய இரண்டே பருவம் பாக்கி இருந்த பெண்ணை ஒரு லாரியைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனாய். நான் பதினெட்டு வருஷம், அவள் அம்மா செத்ததிலிருந்து, ஒற்றை ஆளாக வளர்த்த பெண். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு நடக்கவேண்டியவள், இப்போது கோழிக்கும் மூட்டைக்கும் நடுவில் சில்லறை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் முன்சீட்டில் உட்காருகிறாள் என்று பெருமையாக வேறு எழுதுகிறாய். சவப்பெட்டியில் முன்சீட்டு என்ன, பின்சீட்டு என்ன?

உன் லாரி நின்றுபோனால் எனக்கு என்ன நஷ்டம் என்று நீயே சொல். அவளுக்குப் புத்தி வரும், வீட்டுக்குத் திரும்பி வருவாள். அவள் அறையில் இன்னும் கட்டில் கிடக்கிறது.

ஆனாலும் நீ எழுதியதில் ஒன்றும் பிடிபடவில்லை. குதிரை மாதிரி என்றால் எத்தனை அங்குலம்? இன்ஜினை எதன்மேல் உட்காரவைத்தாய்? ரப்பரா, மரமா? பெடல் எவ்வளவு தூரம் போகிறது, ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது? படம் போடத் தெரிந்தால் போட்டு அனுப்பு. உனக்காக இல்லை. அரைகுறையாக ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டால் என்னால் சோறு தின்ன முடியாது.

பொலிகார்ப்போ தமாயோ


பரகோவா
1996 மார்ச் 9

மாமா,

படம் வைத்திருக்கிறேன். அளவெல்லாம் அதில் இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய டயரை வெட்டி நாலு அடுக்காக வைத்தேன். கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, ஆனால் கேபினில் அதிர்வே தெரியாது.

உங்கள் பதில் வருவதற்குள் நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இன்ஜினுக்கு அடியில் ஒரு குறுக்கு ஷாஃப்ட். இடது முனையில் பெடல் ராடு, வலது முனையில் ஃபோர்க் ராடு. ஷாஃப்டின் இரண்டு முனையையும் வண்டியின் சேஸ் சட்டத்தில் வைத்து வெல்டிங் போட்ட கிளாம்பில் நிறுத்திவிட்டேன். பாறை மாதிரி நிற்கிறது. கடற்கரைச் சாலையில் போய் வந்தேன், ஒரு குறையும் இல்லை. பெடல்தான் கல் மாதிரி இருக்கிறது, இரண்டு காலையும் வைத்து மிதிக்கவேண்டியிருக்கிறது. அதை எப்படி மெதுவாக்குவது என்று மட்டும் சொன்னால் போதும். வேறு யோசனை தேவையில்லை.

இடாலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே எங்கப்பாகிட்ட கேட்ருந்தா அரைமணி நேரத்துல முடிஞ்சிருக்கும்" என்று சொல்கிறாள். அரைமணி நேரம். நான் பதினோரு நாள் லாரிக்கு அடியில் கிடந்தேன். ஒருத்தி தன் புருஷனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? உங்களைக் குறைசொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

ஓஸ்னியல்


பயாமோ
1996 மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

படம் பார்த்தேன். கோழி கிறுக்கினதை விடக் கொஞ்சம் தேவலை.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுக்கு ஷாஃப்டின் ஒரு முனைதான் சேஸில் இருக்கவேண்டும். மறுமுனை இன்ஜின் மேல், கிளட்ச் கூட்டிலேயே இருக்கவேண்டும். இரண்டு முனையிலும் எந்தப் பக்கமும் திரும்புகிற பால் ஜாயிண்ட் வைத்து, ஷாஃப்ட் தொட்டில் மாதிரி ஆட வழி விடு. நீ வைத்திருக்கிற டயர் ரப்பரில் உன் இன்ஜின் நிலையாக இருக்காது. பளுவோடு ஏற்றத்தில் இழுக்கும்போது முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். அப்போது ஃபோர்க்கும் அதோடு சாயும். நீ சேஸில் அறைந்துவைத்த ராடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். யாரும் மிதிக்காமலேயே பெடலை மிதித்த மாதிரி ஆகிவிடும். கிளட்ச் விட்டுவிடும். இன்ஜின் சுற்றும், சக்கரம் சுற்றாது. சமதரையில் இது தெரியவே தெரியாது.

பெடல் மெதுவாக, ஷாஃப்டில் பெடல் பக்கத்து நெம்புகோல் கையை இரண்டு அங்குலம் நீளமாக்கு. பெடலில் இரண்டு விரல் அளவு பிளே, அதாவது வெறும் ஆட்டம், விடு.

இனி மற்ற விஷயம். இது உன்னால் ஆகாது. உன்னைக் குறைசொல்லி என்ன பயன், கை அப்படி. அர்னுல்ஃபோவை நினைவிருக்கிறதா? உனக்கு முன்னால் இடாலைக் கட்டிக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்கு வந்தவன், நீ வராமல் இருந்தால் கட்டியும் இருப்பான். அவன் தன் லாரியில் இதே வேலையை ஒரு மதியத்தில் முடித்தான், நான் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். அவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் பால் ஜாயிண்டே கடைந்து கொடுத்துவிடுவான், நல்ல மனசு. இல்லாவிட்டால் உன் பெண்டாட்டியைக் கேள். பன்னிரண்டு வயதில் எனக்கு விளக்குப் பிடித்தவள் அவள். நீ கீழே படுத்துக்கொள், அவள் சொல்லச் சொல்லச் செய். புருஷன் என்ற பேருக்குப் பேரும் ஆச்சு, வேலையும் நடந்த மாதிரி ஆச்சு.

அதுவும் முடியாவிட்டால் நீ செய்தபடியே விட்டுவிடு. இரண்டு முனையும் சேஸில். உன் மாதிரி ஆளுக்கு அது போதும்.

பொலிகார்ப்போ


பரகோவா
1996 ஏப்ரல் 18

பொலிகார்ப்போ அவர்களுக்கு,

தேறிவிட்டது.

சோதனைக்காரர் நகராட்சி அலுவலக முற்றத்தில் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். முற்றம் மேசை மாதிரி சமம். இறங்கி வந்து, "கிளட்ச் யார் செஞ்சது?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். "பெடல் நல்லா மெதுவா இருக்குய்யா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பெடல் கையை இரண்டு அங்குலம் நீட்டினேன், அது உங்கள் யோசனை; மறைக்கவில்லை. ஷாஃப்ட் நான் வைத்தபடியே இருக்கிறது. இரண்டு முனையும் சேஸில்.

உங்கள் கடிதத்தை இடாலும் படித்தாள். மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை அன்பாக, "அப்பா சொல்றதுல இதுல தப்பில்லைய்யா, ஒரு முனைய மட்டும் மாத்திடு." இரண்டாவது தடவை கோபமாக. மூன்றாவது தடவை பாத்திரத்தைப் போட்டு உடைத்துக்கொண்டே, "அர்னுல்ஃபோ பேரு எழுதிட்டாருன்னுதானே செய்யமாட்டேங்கிற?" என்றாள். அதற்குப் பிறகு நான் எப்படி மாற்றமுடியும்? நீங்களே சொல்லுங்கள்.

கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. அவள் அறைக் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவள் வரப்போவதில்லை.

ஓஸ்னியல் மாத்தோஸ்


பயாமோ
1996 ஏப்ரல் 29

வெற்றிவீரனுக்கு,

வாழ்த்துகள். முற்றத்தில் ஓட்டிக் காட்டினாயாமே. முற்றத்தில் என் பன்றியும்தான் நன்றாக ஓடுகிறது.

நீ மாற்றமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அர்னுல்ஃபோவின் பெயரை எழுதும்போதே தெரியும். உனக்கு நல்லது சொல்வதற்கு நூறு விதம் இருக்கிறது, நான் எடுத்தது நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்த விதம். வேலையைச் சரியாகச் சொன்னேன், ஒரு பொய்யும் கிடையாது. கிடைத்ததை அடுப்பில் போட்டது நீ.

இனி காத்திருக்கிறேன். மே மாத மழை வரட்டும். நாற்பது பேரோடு மலைப்பாதையில் ஏறு. பாதி ஏற்றத்தில் கிளட்ச் விட்டுவிடும். வண்டி பின்னால் உருளும், உன் சித்தப்பா மகன் கட்டை போடுவான், நாற்பது பேரும் இறங்கி உன் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். முன்சீட்டில் இருந்து என் மகள் அதையெல்லாம் கேட்பாள். யாரை நம்பி வந்தோம் என்று அன்றைக்குப் புரியும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கட்டிலுக்குப் புது மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

பொலிகார்ப்போ


குவாந்தநாமோ
1996 மே 17

பொலிகார்ப்போவுக்கு,

உங்கள் வாழ்த்துக் கடிதத்தை ஒன்பதாம் தேதி வியாழக்கிழமைதான் பிரித்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. விபத்து ஏழாம் தேதி செவ்வாய்.

நாற்பது பேர் என்று எழுதினீர்கள். நாற்பத்திமூன்று பேர், கொக்கோ மூட்டை பதினாலு. மழை. மூன்றாவது வளைவைத் தாண்டின ஏற்றத்தில் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பெடலில் என் கால் இல்லை. குனிந்து பார்த்தேன். பெடல் மேலேயேதான் நின்றது, ஆனாலும் கிளட்ச் விட்டிருந்தது. நீங்கள் எழுதின வரி அப்படியே கண்முன்னால் வந்தது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது, பிறகு வழுக்கியது.

"கட்டை" என்று கத்தினேன்.

ஏலியோ ஜனவரியிலேயே போய்விட்டான். ஹவானாவில் ஏதோ ஹோட்டலில் வேலை என்று. உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே அவன் இல்லை. இடால்தான் பின்படியில் நின்றுகொண்டு வந்தாள், கட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு. முன்சீட்டு என்று எழுதியது பொய். உண்மையை எழுதினால் பதில் போடமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அவள் குதித்தாள். கட்டையைச் சரியாகத்தான் வைத்தாள். ஈரத்தில் கட்டை சறுக்கியது, அவள் விலகவில்லை, இடது காலால் அதை உதைத்துப் பிடித்தாள். சக்கரம் கட்டைமேல் ஏறி நின்றது. கட்டைக்கு அந்தப் பக்கம் அவள் கால் இருந்தது. நாற்பத்திமூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

முழங்காலுக்கு நாலு விரல் கீழே காலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெட்டுகிற இடத்தைக் காட்டியபோது, ரத்தம் நிற்க மேலே எங்கே கட்டவேண்டும் என்று அவளே சொன்னாளாம். படித்த நர்ஸ் படிப்பு இன்னும் தலையில் மிச்சம் இருந்தது போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் யோசனை சரி என்று இரண்டாம் தடவை படித்தபோதே எனக்குத் தெரியும். நான் குருடன் இல்லை. தெரிந்துகொண்டேதான் அப்படியே விட்டேன்.

ஓஸ்னியல்


பயாமோ
1996 மே 28

ஓஸ்னியல்,

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ டீ குடிக்கப் போயிருந்தாய், அல்லது ஒளிந்துகொண்டாய். இடால் என்னைப் பார்த்தாள். "வந்தாச்சா? பாத்தாச்சுல்ல? போங்கப்பா" என்றாள். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மணி நேரம் நின்றேன். நர்ஸ் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள், இடால் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

நீ முன்சீட்டு என்று எழுதினாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன். அவள் பின்படியில் நிற்கிறாள் என்று தெரிந்திருந்தால் நடந்தே பரகோவா வந்து, உன் காலில் விழுந்து, என் கையாலேயே அந்த ஷாஃப்டை மாற்றியிருப்பேன். அர்னுல்ஃபோ ஒரு முட்டாள் என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன் என்று அவளுக்குத் தெரியுமா? என் ஏப்ரல் கடிதத்தைக் காட்டினாயா?

அவளை என்னிடம் அனுப்பிவிடு. லாரியில் வேலைக்கு ஆகாத பெண்டாட்டி உனக்கு எதற்கு? எனக்கு அவள் எப்படி இருந்தாலும் வேண்டும்.

பொலிகார்ப்போ


பரகோவா
1996 ஜூலை 30

மாமா,

அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுதி முடித்ததும் படித்துப் பார்ப்பாள், அதனால் கூட்டிக் குறைக்க வழியில்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள். "ரெண்டு ஆம்பளைங்க சண்டைக்கு என் காலா கெடச்சுது?" என்று கேட்டாள். மறுநாள் எழுந்து கம்பை ஊன்றிக்கொண்டு லாரியில் போய் உட்கார்ந்தாள், ஸ்டியரிங் முன்னால்.

உங்களிடம் வரமாட்டாளாம். நீங்களும் இங்கே வரக்கூடாதாம். லாரியை இனிமேல் அவள்தான் ஓட்டுவாள். அவள் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறாள்:

"எனக்கு வலது கால் இருக்கு, பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் அது போதும். கிளட்ச்சக் கைக்கு மாத்தணும். அதை எப்படிப் பண்றதுன்னு அப்பா எழுதட்டும். இந்த மனுஷன் செய்யட்டும். ஒரு திட்டு இருக்கக்கூடாது, ஒரு குத்தல் இருக்கக்கூடாது, வேற எவன் பேரும் இருக்கக்கூடாது. இவனும் அதுல எழுதியிருக்கறத ஒரு நூல் மாத்தக்கூடாது. மாத்தினா நான் பாத்துக் கண்டுபிடிச்சிருவேன், நான் வெளக்குப் புடிச்சவ. அப்புறம் பின்னாடி கட்டையோட யாரு நிக்கப்போறான்னும் எழுது. ஓஸ்னியல் நிப்பான்."

நான் நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஓஸ்னியல்


பயாமோ
1996 ஆகஸ்ட் 14

ஓஸ்னியலுக்கு,

குறுக்கு ஷாஃப்டின் இடது முனை சேஸில், வலது முனை கிளட்ச் கூட்டில். இரண்டிலும் பால் ஜாயிண்ட். இரண்டும் இந்தக் கடிதத்தோடு வருகிறது, நானே கடைந்தேன், கிரீஸ் போட்டு வை. டயர் ரப்பரை எடுத்துவிட்டு, கூட அனுப்பியிருக்கிற கெட்டி ரப்பரைப் போடு.

பெடலைக் கழற்றிவிடு. அதன் இடத்தில் சீட்டுக்கு இடது பக்கம், கதவை ஒட்டி, ஒரு கைப்பிடி. அது ஊன்றித் திரும்புகிற ஆணியிலிருந்து மேலே எண்பது சென்டிமீட்டர், கீழே எட்டு. கையின் பலம் காலின் பலத்தில் பாதி கூட இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். இழுத்த இடத்தில் நிற்க ஒரு கொக்கி வை. கைப்பிடியில் மூன்று விரல் பிளே.

கியர் மாற்றுகிற நேரத்தில் அவள் இடது கை கைப்பிடியில் இருக்கும், வலது கை கியரில் இருக்கும். ஸ்டியரிங்கை யாரும் பிடித்திருக்கமாட்டார்கள். இடது தொடை முழுசாக இருக்கிறது, அதைத் தூக்கி ஸ்டியரிங்கை அணைத்துப் பிடிக்கவேண்டும். அதற்காக சீட்டை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்து. இங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் தொடையால் செய்து பார்த்தேன், முடிகிறது.

மேலே இருக்கிற இத்தனையையும் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டி ஒரு வரி வந்துவிடுகிறது. ஐந்தாவது தடவைதான் இது. இடால் படிக்கிறாள் என்றால், என் பெண்ணே, உன் காலை எடுத்தவர்களில் நானும் ஒருத்தன். உன் பெயரை எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

ஓஸ்னியல், கட்டையோடு நிற்கப்போவது நீ என்று தெரிந்துதான் இந்த அளவுகளை எழுதுகிறேன். நீ செத்தால் என் மகளுக்கு யாருமில்லாமல் போகும். அவள் என்னிடம் வரமாட்டாள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனால் ஒரு நூல் கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எல்லாம் சரியான அளவு.

இதை நீ நம்பமாட்டாய். போன தடவை சரியாகச் சொன்னதையும் எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு ஏற்றத்திலும் கிழவன் எங்கே என்ன வைத்திருக்கிறானோ என்று நினைத்துக்கொண்டேதான் குதிப்பாய். நான் சாகிற வரைக்கும் குதிப்பாய், செத்த பிறகும் குதிப்பாய். எனக்கு அது போதும்.

பொலிகார்ப்போ தமாயோ